கம்பிக்குப் பின்னால் நகராத ஆள்

2024 ஜூலையில் அப்பாவுக்கு மூன்றாம் ஆண்டு நினைவு. மாதா கோயில் கொடியேற்றத்துக்கு நான்கு நாள் முன்னால். சென்னையிலிருந்து ராத்திரி ரயிலில் வந்து, தூத்துக்குடி கீழூர் ஸ்டேஷனில் இறங்கி, ஆட்டோ எங்கள் தெருவுக்குள் திரும்பும்போதே போஸ்டர் கண்ணில் பட்டது. மின்கம்பத்தில் ஒன்று, டீக்கடைச் சுவரில் ஒன்று, எங்கள் வீட்டு வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு பிளெக்ஸ். நீலக் கடல், அதில் ஒரு வெள்ளைக் கப்பல், ஓரத்தில் நங்கூரம், நடுவில் அப்பா. தலையில் தங்க ஜரிகை வைத்த கேப்டன் தொப்பி. அப்பா 34 வருஷம் கப்பலில் இருந்தார், ஒருநாளும் கேப்டனாக இருந்ததில்லை. சுக்கான் பிடிக்கிறவர், ராத்திரியில் பிரிட்ஜில், அதாவது கப்பலை ஓட்டும் மேல்தளத்து அறையில், நின்று இருட்டைப் பார்க்கிறவர், பகலில் துரு சுரண்டிப் பெயின்ட் அடிக்கிறவர். பழைய ஆட்கள் சுக்கானி என்பார்கள். தொப்பி பிரிண்டிங் கடைக்காரரின் அன்பளிப்பு. சரி, அது பரவாயில்லை, அப்பாவே பார்த்திருந்தால் சிரித்திருப்பார். என்னைக் குத்தியது அதற்குக் கீழே சாய்வெழுத்தில் இருந்த வரி. "பாதை மாறாதே மகளே – உன் அப்பா."

அப்பா எனக்கு அப்படிச் சொல்லவே இல்லை. சொன்னது நேர் எதிர்.

அன்று முழுக்க வந்தவர்கள் எல்லாரும் அந்த வரியைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். "எம்புட்டு அழகாச் சொல்லிருக்காரு பாத்தியா, ஒங்கப்பா" என்றார் ஒருவர். அத்தை ஒன்றும் சொல்லாமல் என் கையைப் பிடித்து இரண்டு தட்டு தட்டினார், அது இன்னும் மோசம். ஏனென்றால் நான் ஒருமுறை பாதை மாறியவள் என்பது தெருவில் எல்லாருக்கும் தெரியும். அச்சடித்தது தம்பி. பூசை முடிந்து, சாப்பாடு முடிந்து, கடைசி நாற்காலியை மடக்கும்வரை நானும் வாயைத் திறக்கவில்லை. அதற்கப்புறம் நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் அப்பா என்ன சொன்னார், எங்கே வைத்துச் சொன்னார் என்பதைச் சொல்லியாக வேண்டும். ரொம்ப நாளாக யாரிடமாவது சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்று இருக்கிறது.

வழியனுப்பத் தெரியாதவர்

எங்கள் வீட்டில் கிளம்புகிறவர் அவர், வாசலில் நிற்கிறவர்கள் நாங்கள். எட்டு மாதம், ஒன்பது மாதம், ஒருமுறை ஆள் மாற்ற முடியாமல் பதினாலு மாதம். கிளம்பும் அன்று காலையில் அம்மாவிடம் ஒப்பிப்பார்: சம்பளத்திலிருந்து வீட்டுக்கு வரும் அலாட்மெண்ட் பணம் எந்தத் தேதிவாக்கில் வரும், எல்.ஐ.சி. எப்போது கட்ட வேண்டும், கிணற்று மோட்டார் சத்தம் போட்டால் யாரைக் கூப்பிட வேண்டும். என்னிடம் "அம்மாவப் பாத்துக்கோ" என்பார். எனக்கு அப்போது ஏழு வயது. அப்புறம் பையைத் தூக்கிக்கொண்டு போவார், திரும்பிப் பார்க்க மாட்டார். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று தோணிக் காலத்திலிருந்தே ஒரு பழக்கம்.

2003 ஜூனில் எனக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. அப்பா அப்போது சைன் ஆஃப் ஆகி, அதாவது கப்பல் ஒப்பந்தம் முடிந்து இறங்கி, வீட்டில் இருந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக வேறொருவர் கிளம்ப, அவர் நிற்க வேண்டியிருந்தது. அது அவருக்குச் சுத்தமாக வரவில்லை. ரயில் கிளம்ப ஒன்றரை மணி நேரம் இருக்கும்போதே என்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பெட்டியை சீட்டுக்கு அடியில் தள்ளி, நைலான் கயிற்றால் சீட்டுக் காலோடு ஒரு முடிச்சுப் போட்டார். எவ்வளவு இழுத்தாலும் விடாது, தெரிந்தவன் ஒரே தள்ளில் அவிழ்த்துவிடலாம் என்றார். எனக்குத் தெரியவில்லை. மறுநாள் எழும்பூரில் எதிர் சீட்டுக்காரரிடம் பிளேடு வாங்கி அறுத்தேன். முடிச்சுப் போட்ட பிறகு அவருக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. ஃபேனைப் போட்டுப் பார்த்தார், அணைத்தார். தண்ணீர் பாட்டிலை இடம் மாற்றி வைத்தார். பக்கத்து சீட்டில் ஒரு அப்பா தன் மகளிடம் "யார்ட்டயும் எதுவும் வாங்கித் தின்னாத, போய்ச் சேந்ததும் போன் பண்ணு" என்று அழகாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் அப்பாவும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவருக்கும் பட்டிருக்கும்.

என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஜன்னலைக் காட்டினார். "அந்தா ஒருத்தன் வடைத் தட்டோட வாரான்லா, அவன இந்தக் கம்பியோட சேத்துப் பாரு. தலைய மட்டும் ஆட்டாத." பார்த்தேன். வடைக்காரர் இரண்டாவது கம்பிக்குப் பின்னால் இருந்தார், மூன்றாவதுக்குப் போனார், நாலாவது, அப்படியே எங்களைத் தாண்டி அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார். "கம்பி மாறுனான்லா? அவன் நம்மள ஒண்ணும் செய்ய மாட்டான். இப்போ அந்தச் செவப்புச் சட்டையப் பாரு." தலையில் மூட்டையோடு ஒரு போர்ட்டர். மூன்றாவது கம்பிக்குப் பின்னால் விரல் அளவு இருந்தார். முழங்கை அளவு ஆனார், அப்போதும் அதே மூன்றாவது கம்பி. நிமிர்ந்து பார்த்தால் ஜன்னலை அடைத்துக்கொண்டு நிற்கிறார். "எஸ் 6 இதா சார்?" என்றார். அப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு, ஏதோ அவரை ஏற்பாடு செய்து வரவழைத்த மாதிரி. "பாத்தியா! கம்பி மாறாமப் பெரிசாகிட்டே வந்தா அது ஒம்மேலதான் வருது. தூரத்துலதான இருக்குன்னு இருக்கப்படாது, மெதுவாத்தான வருதுன்னு இருக்கப்படாது."

எனக்கு வெட்கமாக இருந்தது. பக்கத்து சீட்டுப் பெண் வேறு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். 22 வயதில் வேலைக்குப் போகிற பிள்ளையிடம் அப்பா சொல்கிற பேச்சா இது? வண்டி நகரத் தொடங்கியபோது அவர் கீழே இறங்கியிருந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டே கூட நடந்தார். "ஏளா, திரும்புறதா இருந்தா சீக்கிரமாத் திரும்பு. பெரிசாத் திரும்பு. கொஞ்சங்கொஞ்சமாத் திரும்புனா அவனுக்குத் தெரியாது." அவ்வளவுதான். பிளாட்பாரம் முடிந்துவிட்டது. இரண்டு மூன்று நிமிஷத்தில் மேலூர் ஸ்டேஷனில் வண்டி மறுபடி நின்றது. ஒரு நிமிஷம், அங்கேயும் வந்து நிற்பாரோ என்று எட்டிப் பார்த்தேன்.

தோணியில் படித்தது

இதை அவர் எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் படிக்கவில்லை. 16 வயதில் அவருடைய தாய்மாமா தண்டலாக, அதாவது தலைவராக, இருந்த தோணியில் ஏறினார். தூத்துக்குடித் தோணி பற்றித் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இங்கேயே மரத்தில் கட்டினது, பாய் விரித்துக் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் வெங்காயம், மிளகாய், கருவாடு என்று ஏற்றிக்கொண்டு போனது. ரேடார் கிடையாது, ஒன்றும் கிடையாது. ராத்திரி எதிரே ஒரு விளக்குத் தெரிந்தால் மாமா அப்பாவைத் தான் இருக்கிற இடத்தில் உட்கார வைத்து, அந்த விளக்கைப் பாய்மரக் கயிற்றுக்கு நேராக வைத்துப் பார்க்கச் சொல்வாராம். கயிற்றைவிட்டு விளக்கு விலகினால் தூங்கப் போகலாம். விலகாவிட்டால் மாமாவை எழுப்ப வேண்டும். பெரிய கப்பல்காரன் கண்ணுக்குத் தோணி தெரியாது, தெரிந்தாலும் அவனால் சட்டென்று நிறுத்த முடியாது, ஆகவே உயிர் வேண்டுகிறவன்தான் பார்க்க வேண்டும் என்பது மாமா கணக்கு.

1975-இல் சி.டி.சி. என்ற கப்பல் ஊழியர் சான்றுப் புத்தகம் எடுத்துப் பெரிய கப்பலுக்குப் போனார். ராத்திரி 12-லிருந்து 4 வரை அவருடைய வாட்ச். செகண்ட் மேட் என்ற கப்பல் அதிகாரியோடு சேர்ந்து இருட்டில் நின்று விளக்குகளை எண்ணுவது. மலாக்கா நீரிணையில் விளக்குகள் நம்ம ஊர்த் தேர்த் திருவிழா மாதிரி இருக்கும் என்பார். அங்கே போனபிறகுதான், மாமாவின் கயிற்று வித்தையை, படித்தவர்கள் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்ததாம். அதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம், நிறையப் பெருமை.

அதே கம்பி

சென்னையில் முதல் சில வருஷங்கள் அப்பா சொன்னதை நான் நினைக்கவே இல்லை, ஹாஸ்டலில் தோழிகளிடம் சொல்லிச் சிரித்ததைத் தவிர. 2009-இல் கல்யாணம். என் கணவருக்கு இருசக்கர வாகன உதிரிபாகக் கடை. நல்ல மனுஷன், இதைப் படிக்கவும் படிப்பார், எழுதுவதற்கு முன்னால் கேட்டுவிட்டேன். 2011-இல் முதல் தடவை என் பேரில் ஒரு பெர்சனல் லோன் எடுத்தோம், இரண்டு லட்சம். "இந்த சீசன் மட்டும் தாண்டிட்டாப் போதும்" என்றார். அடுத்து என் செயின். அப்புறம் நான் சேர்ந்திருந்த சீட்டைத் தள்ளி எடுத்தது. அப்புறம் இன்னொரு லோன். ஒவ்வொரு தடவையும் அதே வார்த்தை, இந்த சீசன் மட்டும். காரணம் இம்மி நகரவில்லை, தொகை மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தது. ஒரு ராத்திரி சமையலறையில் நின்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது அந்தச் சிவப்புச் சட்டைப் போர்ட்டர் திடீரென்று ஞாபகம் வந்தார். மூன்றாவது கம்பி. உள்ளங்கை வேர்த்துவிட்டது.

அதைப் பார்த்த பிறகாவது உடனே எதாவது செய்தேனா என்றால், இல்லை. நான் செய்ததெல்லாம் கொஞ்சங்கொஞ்சமாகத் திரும்பியதுதான். போனஸில் எட்டாயிரத்தைக் குறைத்துச் சொன்னேன். ஒரு ஜோடி வளையலைத் தோழி வீட்டில் வைத்தேன். பேங்கில் கையெழுத்துப் போட வேண்டிய அன்று மேனேஜர் லீவு என்றேன். நான் விலகிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அவர் கண்ணுக்கு நான் நேற்று இருந்த அதே இடத்தில், அதே வேகத்தில் அவர் கூடவே வந்துகொண்டிருந்தேன். பொய்களெல்லாம் ஒவ்வொன்றும் சிறியவை, அதனால்தான் கண்டுபிடிக்கப்படவும் இல்லை, பிரயோஜனப்படவும் இல்லை.

2014-இல் ஒன்பது லட்சத்துக்கு ஜாமீன் கையெழுத்துக் கேட்டபோது முடியாது என்றேன். சத்தம் போடவில்லை. இனி எந்தக் காகிதத்திலும் என் கையெழுத்து இருக்காது என்று சொல்லிவிட்டு, ஆபீசில் மாற்றல் கேட்டு, மூன்று வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு தூத்துக்குடிக்கு வந்துவிட்டேன். அம்மா அழுதார். தம்பி என்னிடம் ஒரு வாரம் பேசவில்லை. அப்பா வாசலில் நின்று "ஆட்டோவுக்குக் குடுத்தாச்சா" என்று கேட்டார்.

அன்று ராத்திரி மொட்டைமாடியில் பாய் போட்டு உட்கார்ந்திருந்தோம். முயல் தீவு லைட்ஹவுஸ் வெளிச்சம் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. ரொம்ப நேரம் கழித்து, "எப்போ பாத்த?" என்றார். என்னத்த என்றேன். "கம்பி மாறாம வாறத." அவருக்கு அது ஞாபகம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. மூணு வருஷமா என்றேன். "ஊதுனியா?" என்றார். எனக்குப் புரியவில்லை. எதிரே வருகிற கப்பல் என்ன செய்யப் போகிறான் என்று விளங்காவிட்டால் குட்டை குட்டையாக, வேகமாக, குறைந்தது ஐந்து தடவை ஊத வேண்டுமாம். 'நீ செய்யுறது எனக்குப் புரியல' என்று அர்த்தம். திட்டுவதற்கு இல்லை, தூங்கிக்கொண்டிருந்தால் எழுந்திருப்பதற்கு. நான் மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட ஊதவில்லை. சொன்னேன். "லேட்டாத்தான் திரும்பிருக்க" என்றார். லைட்ஹவுஸ் இரண்டு மூன்று சுற்று வந்திருக்கும். "பெரிசாத் திரும்பிட்ட. பரவால்ல."

கதை அங்கே முடியவில்லை. கையெழுத்து நின்றதும் கடை ஏழெட்டு மாதம்தான் தாங்கியது. கணவர் கடையைக் கொடுத்துவிட்டு இன்னொருவரின் கடையில் சம்பளத்துக்குச் சேர்ந்தார். கடனில் என் பங்கை நான் அடைத்தேன், அவர் பங்கை அவர். 2016 தொடக்கத்தில் நானும் பையனும் திரும்பிப் போனோம். கணக்கு தனித்தனி, வீடு ஒன்று. தெருவில் இதை "சேர்த்து வைத்துவிட்டார்கள்" என்று சொல்லிக்கொள்கிறார்கள். யாரும் சேர்த்து வைக்கவில்லை.

நான்கு டிகிரி

அப்பா போன பிறகு அவருடைய இரும்புப் பெட்டியை அம்மா என்னிடம் கொடுத்துவிட்டார். பழைய சி.டி.சி. புத்தகங்கள், காலாவதியான பாஸ்போர்ட்டுகள், ஒரு மரக் கைப்பிடிக் கத்தி, அப்புறம் அட்டை கிழிந்த ஒரு சின்னப் புத்தகம். கப்பல்கள் மோதிக்கொள்ளாமல் இருக்க 1972-இல் போட்ட சர்வதேச விதிகள், 1977-இல் நடைமுறைக்கு வந்தவை, மொத்தம் 38 விதிகள் இருந்த பழைய பதிப்பு. அவருக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான் வரும். ஆனால் ஏழாவது விதியிலும் எட்டாவது விதியிலும் பென்சில் கோடு இருந்தது. ஏழு, நெருங்கிவரும் கப்பலின் கோணம் குறிப்பிடும்படி மாறாவிட்டால் மோதல் ஆபத்து இருப்பதாகவே எடுத்துக்கொள் என்கிறது. எட்டு, விலகுவதானால் போதுமான நேரம் இருக்கும்போதே செய், எதிராளியின் கண்ணுக்கும் ரேடாருக்கும் உடனே தெரிகிற அளவுக்குப் பெரிதாகச் செய், சின்னச் சின்னத் திருப்பங்களை வரிசையாகச் செய்யாதே என்கிறது. பிளாட்பாரத்தில் நடந்துகொண்டே அவர் சொன்னது எட்டாவது விதியின் மொழிபெயர்ப்பு. வாழ்க்கைத் தத்துவம் என்று எடுத்துக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை. அவர் கப்பலைப் பற்றித்தான் பேசினார். அவருக்குத் தெரிந்ததில் மிக நிச்சயமானது எதுவோ அதை எடுத்துக் கொடுத்தார், அவ்வளவே.

அந்தப் புத்தகத்துக்கு அப்புறம் நான் கப்பல் மோதல்களைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன், கொஞ்சம் பைத்தியம் மாதிரி. 1956 ஜூலை 25 ராத்திரி, அமெரிக்காவின் நான்டக்கெட் தீவுக்கு அப்பால் இத்தாலியப் பயணிகள் கப்பல் ஆண்ட்ரியா டோரியாவும் ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமும் மோதிக்கொண்டன. இரண்டிலும் ரேடார் இருந்தது, இரண்டும் ஒன்றையொன்று ரேடாரில் பார்த்துக்கொண்டேதான் வந்தன. மூடுபனியில் வந்துகொண்டிருந்த ஆண்ட்ரியா டோரியா கொஞ்சம் தள்ளிப் போகலாம் என்று இடப்பக்கமாகத் திரும்பியது, நான்கு டிகிரி. எதிரே இருந்தவர்களுக்கு அது ஒரு திருப்பமாகவே தெரியவில்லை. அவர்கள் வழக்கப்படி வலப்பக்கம் திரும்பினார்கள். 51 பேர் செத்துப்போனார்கள். விலக வேண்டும் என்றுதான் இரண்டு பேரும் நினைத்தார்கள். நான்கு டிகிரி என்பதைப் படித்தபோது எனக்கு அந்த எட்டாயிரம் ரூபாய் போனஸ்தான் ஞாபகம் வந்தது.

ஆனால் அப்பா இப்படியெல்லாம் தீர்ப்புச் சொல்ல மாட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி, எண்ணெய் கரையெல்லாம் படிந்து, ஆட்கள் வாளியால் அள்ளிக்கொண்டிருந்ததை டிவியில் பார்த்துவிட்டு அவருக்கு போன் செய்தேன். தப்பு யார் மேலப்பா என்று கேட்டேன். "அங்கன நின்னவனுக்குத்தான் தெரியும்" என்றார். விடாமல் மறுபடி கேட்டதற்கு, பையன் பள்ளிக்கூடம் போனானா என்று பேச்சை மாற்றிவிட்டார்.

பதினேழாவது விதி

நினைவு நாள் ராத்திரி தம்பியிடம் கேட்டேன். நாற்காலிகளை வேனில் ஏற்றி அனுப்பிவிட்டு வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தான். "அப்பா எங்கிட்ட இப்படியால சொன்னாங்க? எதுக்கு இல்லாததைப் போட்ட?" கொஞ்சம் சூடாகத்தான் கேட்டேன், அத்தை கையில் தட்டியது இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அவன் பிளெக்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஒனக்கு என்ன சொன்னாருன்னு எனக்குத் தெரியாதுக்கா. எனக்குச் சொன்னதத்தான் போட்டேன்."

தம்பி 2010-இல் ஆறு மாதக் கோர்ஸ் முடித்துக் கப்பலுக்குப் போனான். அப்பா ஓய்வு பெற்று ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. பஸ் ஸ்டாண்டில் வழியனுப்பும்போது அப்பா அவனிடம் சொன்னாராம்: "எல்லாத்துக்கும் நீ திரும்பாத. நீ நேராப் போணும்னு இருந்தா நேராப் போ, வேகத்தையும் மாத்தாத. நீ பயந்து ஆடுனா வெலகுறவன் கணக்குத் தப்பிப் போவும்ல." அதுவும் புத்தகத்தில் இருக்கிறது. பதினேழாவது விதி. இரண்டு கப்பல் குறுக்கே சந்தித்தால் ஒன்று விலக வேண்டும், மற்றது போகிற போக்கில் போக வேண்டும். விலக வேண்டியவன் விலகவில்லை என்று தெரிந்தால் அப்புறம் அவனும் திரும்பலாம், மோதல் நிச்சயம் என்றால் திரும்பியே ஆக வேண்டும். ஆனால் அதுவரை ஆடக் கூடாது.

தம்பி எட்டு மாதம்தான் கப்பலில் இருந்தான். ஏடன் வளைகுடாவில் சோமாலியக் கொள்ளைக்காரர்கள் உச்சத்தில் இருந்த சமயம். கப்பலைச் சுற்றி முள்கம்பிச் சுருள் கட்டிக்கொண்டு, ராத்திரியெல்லாம் விளக்கை அணைத்துக்கொண்டு அந்தப் பக்கம் மூன்று தடவை போய்வந்திருக்கிறான். சைன் ஆஃப் ஆகி வந்தவன் திரும்பிப் போகவில்லை. அப்பா அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது துறைமுகத்துக்குப் பக்கத்தில் கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர். கை நிறையச் சம்பளம், இரண்டு பிள்ளைகள், ஒரு குறையும் கிடையாது. நாங்கள் எல்லாரும் அதை மறந்தே போயிருந்தோம். அவன் மறக்கவில்லை என்பது அந்தத் திண்ணையில்தான் எனக்குத் தெரிந்தது.

"பெறவு ஏன் மகளேன்னு போட்ட?"

பதில் சொல்ல ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டான். "மகனேன்னு போட்டா தெருவுல சிரிப்பாங்கல்லாக்கா."

எனக்கு அதற்கு மேல் ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. காலையிலிருந்து அந்த வரி என்னை நோக்கி எழுதப்பட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது என் பக்கம் பார்க்கவே இல்லை. அவனுக்கு அப்பா சொன்னதை எங்காவது எழுதிப் பார்க்க வேண்டியிருந்திருக்கிறது, தன் பேரில் எழுதத் தைரியமில்லாமல் என் பேரில் எழுதிக்கொண்டான்.

ஆனாலும் ஒரு விஷயம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. பெண்பிள்ளைக்கு விலகு, ஆண்பிள்ளைக்கு நில். இதை அப்பா யோசித்துச் சொன்னாரா? நான் எதையும் பொறுத்துக்கொண்டு ஓரமாக ஒதுங்குகிறவள், அவன் எதற்கும் சட்டென்று பதறுகிறவன் என்று பார்த்து, ஆளுக்குத் தேவையானதைக் கொடுத்தாரா? என் கணவர் அப்படித்தான் என்கிறார். இருக்கலாம். ஆனால் பிளஸ் டூ முடித்தபோது நானும் கப்பலுக்குப் போகலாமா என்று ஒரு தடவை கேட்டேன். அப்பா சிரித்தார், கோபப்படக்கூட இல்லை, வெறுமனே சிரித்தார். அந்தச் சிரிப்பும் இந்த "விலகு" என்ற பேச்சும் ஒரே மனுஷனிடமிருந்து வந்தவை. விதிப் புத்தகத்தில் அப்படி இல்லை. இரண்டு கப்பல் குறுக்கே வரும்போது, மற்றவன் உன் வலப்பக்கம் இருந்தால் நீ விலக வேண்டும், உன் இடப்பக்கம் இருந்தால் நீ நேராகப் போக வேண்டும். ஒரே கப்பல் ஒரு மணி நேரம் விலகும், அடுத்த மணி நேரம் நேராகப் போகும். எனக்கு அந்த இன்னொரு பாதியை யாரும் சொல்லவில்லை. வேலையிலும் வீட்டிலும் நான் நேராகப் போயிருக்க வேண்டிய எத்தனையோ இடங்களில் முதலில் திரும்பியது நான்தான். அதற்கு அப்பாவைப் பொறுப்பாக்க முடியாது என்று தெரிகிறது, ஆனாலும் மனதுக்குள் அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அங்கன நின்னவனுக்குத்தான் தெரியும் என்று சொல்லிவிட்டு, பையன் பள்ளிக்கூடம் போனானா என்பார்.

அன்று திண்ணையில் தம்பிக்கு நான் வடைக்காரர் கதையையும் போர்ட்டர் கதையையும் முழுக்கச் சொன்னேன். எஸ் 6 இதா சார் என்ற இடத்தில் அவன் சிரித்துவிட்டான், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். ஏடனில் ராத்திரி வாட்சில் நிற்கும்போது எந்த விளக்கைப் பார்த்தாலும் அது நகராத மாதிரியே தெரியும் என்றான். இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

மறுநாள் நான் கிளம்பும்போது ஸ்டேஷனுக்கு அவன்தான் வந்தான். அடுத்த வருஷப் போஸ்டருக்கு என்ன எழுதலாம் என்று கேட்டான். எதுவும் வேண்டாம், பேரும் தேதியும் பூசை நேரமும் போதும் என்றேன். சரி என்றான். வண்டி நகர ஆரம்பித்ததும் ஜன்னலுக்கு ஓடிவந்தான், ஏதோ முக்கியமாகச் சொல்லப் போகிறான் என்று நினைத்து நானும் காதைக் கம்பியோடு வைத்தேன்.

"அக்கா, தொப்பி இருக்கட்டுமா?"